பஸர் அடிப்பதற்கு முன்னால்

பின்வாசல் வழியாக வாங்க. முன்வாசலில் கோலம், ‘நல்வரவு’ பலகை, பன்னீர்ச் செம்பு எல்லாம் இருக்கிறது. அது தலைமை விருந்தினருக்கு. நமக்கு இந்தச் சந்துதான். சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிப் போனால் ஒரு தகரக் கதவு. தலையைக் குனிந்துகொள்ளுங்கள். நான் குனியவில்லை, நெற்றியில் இன்னும் வீங்கியிருக்கிறது.

மணி காலை 7:10. திருச்சியில் ஒரு பள்ளிக்கூட அரங்கம். பத்து மணிக்கு மேடையில் பள்ளிகளுக்கு இடையிலான விநாடி வினா இறுதிச் சுற்று. இப்போது நாம் நிற்பது அந்த மேடைக்குப் பின்னால், கேள்விகள் படுத்துத் தூங்கும் அறையில். சின்ன வயசில் நானும் இப்படி ஒரு மேடையில் பஸர் முன்னால் உட்கார்ந்து வியர்த்தவன். கேள்வி எங்கிருந்து வருகிறது என்று அன்றைக்கு யோசித்ததே இல்லை. ஆகாயத்திலிருந்து வருகிறது என்றே நினைத்திருந்தேன்.

“சார், ஃபோனை இதுல போடுங்க.” பிஸ்கட் டப்பா ஒன்றை நீட்டினாள் தன்னார்வலராக வந்திருந்த கல்லூரிப் பெண். டப்பாவுக்குள் ஏற்கெனவே ஆறு ஃபோன்கள், ஒரு ஸ்மார்ட் வாட்ச். “விடை தெரிஞ்ச பிறகு பாத்ரூம் போனாக்கூட ஒருத்தர் துணைக்கு வருவாங்க.” சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அரைமணி கழித்து நான் எழுந்தபோது நிஜமாகவே ஒரு பையன் கூடவே வந்தான்.

அறையைப் பாருங்கள். ஆண்டு விழாவுக்குச் செய்த அட்டை ராவணன் பத்துத் தலையோடு மூலையில் சாய்ந்திருக்கிறார். எட்டாவது தலையில் யாரோ குடையை மாட்டியிருக்கிறார்கள். பாரதியார் முண்டாசு ஒரு டஜன். தரையெல்லாம் பஸர் வயர், அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாக பிரவுன் டேப். ஒரே பிளக் பாயின்ட்டில் லேப்டாப், டேபிள் ஃபேன், டீ கெட்டில். கெட்டிலைப் போட்டால் ஃபேன் தயங்குகிறது. நடுவில் ஒரு பெஞ்சு. அதில் குவிஸ் மாஸ்டர், லுங்கியோடு. ஆமாம், லுங்கிதான். கோட்டும் டையும் ஹேங்கரில் தொங்குகின்றன. மேடையில் அந்தக் கம்பீரக் குரலைக் கேட்டவர்கள் யாரும் இந்தக் கோலத்தைக் கற்பனை செய்திருக்க மாட்டார்கள்.

அவருக்கு எதிரே சிவப்புப் பேனாவோடு ஒரு பெண்மணி. நூலகத்தில் வேலை. சின்னப் பிள்ளைகள் ‘அக்கா’ என்கிறார்கள். குவிஸ் மாஸ்டர் ‘மேடம்’ என்று, கொஞ்சம் பயந்துபோய், கூப்பிடுகிறார். பயப்படத்தான் வேண்டும். இந்த அறையின் எமன் அவர்தான்.

“சீனப் பெருஞ்சுவர் நிலாவிலேர்ந்து தெரியும்.”

சரக்கென்று ஒரு கோடு. “2003-ல சீனாவோட முதல் விண்வெளி வீரர் யாங் லீவெய் போயிட்டு வந்து, என் கண்ணுக்குத் தெரியலன்னுட்டார். அவர் நிலாவுக்குக்கூடப் போகல, பூமியைத்தான் சுத்தினார். அடுத்தது?”

“தங்கமீனுக்கு மூணு செகண்டுதான் ஞாபகம்.”

“பாவம் அது. மாசக்கணக்கா ஞாபகம் வச்சுக்குது. அடுத்தது.”

நெருப்புக்கோழி மண்ணில் தலையைப் புதைப்பது, ஐன்ஸ்டைன் கணக்கில் ஃபெயிலானது, வௌவாலுக்குக் கண் தெரியாதது. அத்தனையும் போயிற்று. நான் இத்தனை வருஷமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த சமாச்சாரங்கள் ஒவ்வொன்றாகச் சிவப்பாவதை வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். என்னிடமிருந்து ஒரு நன்கொடை கொடுக்கலாம் என்று நினைத்து, “அனகோண்டாங்கிற பேரே நம்ம ‘ஆனைக்கொன்றான்’தானே?” என்றேன். அக்கா நிமிர்ந்து பார்த்தார். “சிங்களச் சொல்லுன்னு ஒரு கட்சி இருக்கு. அவங்களுக்குள்ள சண்டை தீரட்டும். அப்புறம் கேக்கலாம்.” எனக்கு ஆறுதலாகக் கட்டுமரத்தையும் சுருட்டையும் மிளகுத்தண்ணியையும் அனுமதித்தார். மூன்றும் சந்தேகமில்லாமல் இங்கிருந்து கப்பலேறி ஆங்கில அகராதிக்குள் போய் உட்கார்ந்துகொண்டவை.

அவருடைய சட்டம் சின்னது. ஒவ்வொரு தகவலுக்கும் இரண்டு ஆதாரம் வேண்டும். அந்த இரண்டும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதாக இருக்கக் கூடாது. இதில் ‘குவிஸ்’ என்ற சொல்லே தேறவில்லை. 1791-ல் டப்ளினில் ரிச்சர்டு டேலி என்ற நாடகக் கொட்டகைக்காரர், ஒரே நாளில் புதுச்சொல் ஒன்றை ஊர் முழுக்கப் பேசவைக்கிறேன் என்று பந்தயம் கட்டி, ராத்திரியோடு ராத்திரியாகச் சுவரெல்லாம் அதை எழுதவைத்தார் என்று ஒரு கதை உண்டு. அருமையான கதை. ஆனால் அந்தச் சொல் 1780-களிலேயே புழக்கத்தில் இருந்துவிட்டது. விநாடி வினாக்காரர்களின் குலதெய்வக் கதையே சிவப்பு மையில் போய்விட்டது, பாருங்கள். ‘டிரிவியா’ மட்டும் தப்பித்தது. லத்தீனில் மூன்று வழி கூடும் இடம். “அட, முச்சந்தி!” என்று கத்திவிட்டேன். “அதேதான் சார். முச்சந்திப் பேச்சு” என்றார் குவிஸ் மாஸ்டர், லுங்கியைச் சரிசெய்துகொண்டே.

எட்டு மணிக்குப் பொங்கல் வந்தது. சட்னிப் பொட்டலம் கேள்வித்தாள் மேலேயே உடைந்தது. நான்காவது சுற்றில் வெள்ளிக் கிரகத்தின் மேல் பச்சைக் கறை. (தன்னைத்தானே சுற்றி முடிக்க 243 நாள், சூரியனை வலம் வர 225 நாள். அங்கே ஒரு சுழற்சி ஒரு வருஷத்தைவிட நீளம். இதை இங்கே ‘சிட்டர்’ என்கிறார்கள், கையில் வந்து விழும் கேட்ச்.) சாப்பிடும்போது அக்கா ஒரு கதை சொன்னார். அதற்காகவே இந்தத் தகரக் கதவில் இன்னொரு தடவை மோதிக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் ஃபிரெட் வொர்த் என்று ஒருவர். துணுக்குத் தகவல்களுக்கே கலைக்களஞ்சியம் போட்டவர். தன் புத்தகத்தை யாராவது அப்படியே சுட்டுவிடுவார்களோ என்று அவருக்குச் சந்தேகம். அதனால் வேண்டுமென்றே ஒரு பொய்யை உள்ளே வைத்தார். தொலைக்காட்சித் துப்பறிவாளர் கொலம்போவின் முதல் பெயர் ‘ஃபிலிப்’ என்று எழுதினார். தொடரில் அப்படி யாரும் சொன்னதே கிடையாது. பிறகு ‘டிரிவியல் பர்சூட்’ என்ற விளையாட்டு வந்து உலகமெல்லாம் சக்கைப்போடு போட்டது. அதில் ஒரு கேள்வி: கொலம்போவின் முதல் பெயர் என்ன? விடை: ஃபிலிப்.

“மாட்டினான்ல!” என்றான் ஸ்கோர் போர்டு பையன், வாயில் வடையோடு.

“எலி மாட்டுச்சு, பொறி வேலை செய்யல” என்றார் அக்கா. 1984-ல் வொர்த் 30 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். விளையாட்டுக்காரர்கள் மறுக்கவே இல்லை. ஆமாம், உங்கள் புத்தகத்தையும் பார்த்தோம், இன்னும் பல புத்தகங்களையும் பார்த்தோம் என்றார்கள். தகவல் யாருக்கும் சொந்தமில்லை என்று கோர்ட் கையை விரித்துவிட்டது. வொர்த்துக்கு ஒரு டாலர்கூடக் கிடைக்கவில்லை. “அதனாலதான் ரெண்டு ஆதாரம்” என்று விரலை நக்கினார் அக்கா.

அடுத்து ஆடியோ சோதனை. லேப்டாப்பில் பையன் எதையோ தட்ட, அரங்கத்து ஸ்பீக்கர் முழுச் சத்தத்தில் “ஆஆஆஅய்ய்!” என்று ஒரு ஆண்குரல் அலறியது. டீ கொண்டுவந்தவர் தட்டோடு நின்றுவிட்டார். வாட்ச்மேன் தாத்தா கம்போடு ஓடி வந்தார். “யாருக்கு என்னாச்சு?”

யாருக்கும் ஒன்றுமில்லை தாத்தா. 1951-ல் ‘டிஸ்டன்ட் டிரம்ஸ்’ படத்தில் சதுப்பு நிலத்தில் முதலை கவ்விய ஆள் போட்ட சத்தம் அது. ‘வில்ஹெல்ம் அலறல்’ என்று பெயர். ஹாலிவுட் ஒலிப்பதிவாளர்களுக்கு அதன் மேல் தனிப் பாசம். ‘ஸ்டார் வார்ஸ்’ உட்பட நூற்றுக்கணக்கான படங்களில் விழுபவன், சுடப்படுபவன், எரிபவன் எல்லோரும் இதே குரலில்தான் அலறுகிறார்கள். தாத்தா இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டார். “முதலை புடிச்சவன் மாதிரி இல்லையே. தேள் கொட்டுனவன் மாதிரில்ல இருக்கு” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்.

இதற்கிடையில் கோப்பைகள் வந்திறங்கின, குமிழ் வைத்த பிளாஸ்டிக் உறையில் சுற்றி. உங்களுக்கும் கை துறுதுறுக்கிறதா? எனக்கும்தான். இருவரும் ஆளுக்கு ஒரு முழம் எடுத்துக்கொண்டு டப் டப் என்று உடைக்க ஆரம்பித்தோம், நானும் பிஸ்கட் டப்பாப் பெண்ணும். “சார், இது முதல்ல என்னவா கண்டுபிடிச்சாங்க தெரியுமா?” என்றாள். தெரியாது. “சுவர்ல ஒட்டுற தாள்!” 1957-ல் இரண்டு பேர் பாத்ரூம் திரைகள் இரண்டைச் சேர்த்து ஒட்டினார்களாம், நடுவில் காற்று மாட்டி மொட்டு மொட்டாக நின்றது. வீட்டுச் சுவருக்கு யாரும் வாங்கவில்லை. பிறகு ஐபிஎம் கம்ப்யூட்டர் பத்திரமாகப் போய்ச்சேர இதைச் சுற்ற, பிழைத்துக்கொண்டது. யோசித்துப் பாருங்கள், சுவரெல்லாம் இதை ஒட்டியிருந்தால் எந்த வீட்டிலாவது பிள்ளைகள் படித்திருக்குமா?

சரி, இனி சத்தம் போடாமல் என் பக்கத்தில் உட்காருங்கள். இப்போது நடக்கப் போவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு தகவலைக் கேள்வியாகச் செதுக்குகிறார்கள்.

தகவல் இது: 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணம் நம் பக்கத்தில் நன்றாகத் தெரிந்தது. அதைப் பார்க்கவே பிரெஞ்சு வானியலாளர் ழான்சென் குண்டூருக்கு வந்து கருவிகளை நட்டார். அந்த வருஷம் சூரிய ஒளியில் சிக்கிய ஒரு மஞ்சள் கோடு, பூமியில் யாரும் பார்த்திராத தனிமத்துடையது என்று தெரியவந்தது. அந்த ஹீலியம் பூமியில் கைக்குக் கிடைத்தது 1895-ல்.

“எந்தத் தனிமம்னு நேரா கேட்டுடலாம்” என்றான் பையன்.

“தெரிஞ்சவனுக்குத் தெரியும், தெரியாதவன் முழிப்பான். அது கேள்வியில்ல, லாட்டரி” என்றார் குவிஸ் மாஸ்டர். “தெரியாத பிள்ளையும் யோசிச்சா வந்து சேர ஒரு கயிறு விடணும்.” அவரே எழுதினார்: திருவிழாவில் பலூனுக்குள் இருக்கும் இந்த வாயு...

“நிறுத்துங்க” என்றார் அக்கா. “நம்ம ஊர் பலூன்காரங்க பல பேர் அடைக்கிறது ஹைட்ரஜன். ஒரு வாத்தியார் எழுந்திரிச்சு நின்னாருன்னா அரைமணி நேரம் போயிடும்.”

அடித்தார். இதை உள்ளே இழுத்துவிட்டுப் பேசினால் குரல் கீச்சென்று ஆகும்...

“இன்னிக்கு சாயங்காலம் நாப்பது பிள்ளைங்க வீட்ல இழுத்துப் பாக்கும். பொறுப்பு யாரு?”

மறுபடி அடித்தார். ஃபேன் தயங்கித் தயங்கிச் சுற்றியது. யாரோ கெட்டிலை அணைக்கப் போனார்கள். குவிஸ் மாஸ்டரின் முதுகு பனியனோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஏழெட்டு நிமிஷம் அந்த ஒற்றைக் கேள்விக்காக நான்கு பேர் வாயை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்தார்கள். கடைசியில் டப்பாப் பெண்தான் தயங்கிக்கொண்டே சொன்னாள்: “சூரியனுக்குக் கிரேக்கத்துல என்ன பேருன்னு கயிறு விட்டா?”

முடிந்த வடிவம் இது: ‘பூமியில் கிடைப்பதற்கு 27 வருஷம் முன்பே இதன் தடயம் சூரியனில் கிடைத்தது. அதனால் சூரியனின் கிரேக்கப் பெயரையே இதற்கு வைத்தார்கள். எது?’ வாசித்துப் பார்த்தார்கள். பதினைந்து நொடி. குவிஸ் மாஸ்டர் பெஞ்சில் தாளம் போட்டார். மேடையில் இதற்கு விடை வர நான்கு நொடி ஆகப்போகிறது. அந்த நான்கு நொடிக்கு இவ்வளவு பாடு.

ஆக்டோபஸ் கேள்வியிலும் அக்கா ஒரு வேலை செய்திருந்தார். மூன்று இதயம், நீல ரத்தம், நான் யார்? இதுதான் பழைய பாடம். அவர் ‘எட்டுக் கை’ என்பதைப் பேனாவால் நுழைத்தார். எதற்கு என்று கேட்டேன். “பொறுங்க, மேடையில தெரியும்.”

9:55. லுங்கி போயிற்று, கோட்டு வந்தது. அதே ஆள்தானா? டை முடிச்சைப் பாரதியார் முண்டாசுகளுக்கு நடுவே தொங்கிய கண்ணாடியில் பார்த்துச் சரிசெய்தார். கீழே மட்டும் இன்னும் ரப்பர் செருப்பு, ஷூ கடித்துவிட்டதாம். கேள்வி வாசிக்கும் மேசைக்கு முன்னால் துணி தொங்குவதால் யாருக்கும் தெரியாது. உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

நாம் பக்கத் திரைக்குள் நிற்கிறோம். இங்கிருந்து பார்த்தால் பிள்ளைகளின் முகம் தெரியாது, மேசைக்கு அடியில் கால்கள்தான் தெரியும். ஆறு அணி, பன்னிரண்டு ஜோடிக் கால். விடை தெரிந்தால் கால் ஆடுவது நின்றுவிடுகிறது! இதை நானே கண்டுபிடித்தேன். (அக்கா இரண்டு ஆதாரம் கேட்பார், என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது.) ஹீலியத்துக்கு மூன்றாவது அணியின் வெள்ளை ஷூ சட்டென்று நின்றது. பஸர் அடித்தது. என் அடிவயிற்றில் ஒரு குதி. விடையை வாய்க்குள் வைத்துக்கொண்டு நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லி மாளாது. சூடான பணியாரத்தைத் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நிற்கிற மாதிரி.

படச் சுற்றில் நான்கு படம்: ஈஃபில் கோபுரம், சார்லி சாப்ளின், நேரு, நின்டெண்டோ. என்ன ஒற்றுமை? சீட்டுக்கட்டு செய்யும் கம்பெனியாகக் கியோட்டோவில் நின்டெண்டோ பிறந்த வருஷம் 1889. மற்ற மூன்றும் அதே வருஷத்துப் பிரசவம். “நாலு பேருமே நிமிந்து நிக்கிறாங்க” என்றது ஒரு பொடிசு. அரங்கமே குலுங்கியது.

ஆக்டோபஸ் வந்தது. மீன்பிடித் துறைமுகம் இருக்கும் ஊரிலிருந்து வந்த பையன் ஒருவன் கேள்வி முடிவதற்குள் பஸரை அடித்தான்: “கணவாய்!” அக்கா என் கையைக் கிள்ளினார். கணவாய்க்கும் மூன்று இதயம்தான், நீல ரத்தம்தான். ஆனால் அதற்கு எட்டுக் கையோடு நீளமாக இரண்டு தும்பிக்கை மாதிரி உறுப்புகளும் உண்டு. ‘எட்டுக் கை’ மட்டும் இல்லாதிருந்தால் அவன் சொன்னது சரி. குவிஸ் மாஸ்டர் அதை விளக்கிவிட்டுக் கைதட்டச் சொன்னார். புள்ளி கிடையாது. பையன் புள்ளி வாங்கியவனைவிடப் பெரிதாகச் சிரித்தான்.

அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசிச் சுற்று, முதலிரண்டு அணிகளுக்கும் ஒரே புள்ளி. லேப்டாப் பையனின் விரல் அம்புக்குறியை இரண்டு தடவை தட்டிவிட்டது. திரையில் கேள்வியே வராமல் பெரிய எழுத்தில் வந்து நின்றது: ‘விடை: வாம்பட்.’ கூடவே, அந்த ஆஸ்திரேலிய விலங்கு போடும் சதுரச் சதுரமான புழுக்கையின் படம்.

முந்நூறு பேரும் அதைப் பார்த்துவிட்டார்கள். தலைமை விருந்தினரும் பார்த்துவிட்டார். பையன் முகம் வெளுத்தது. புழுக்கை ஏன் கனசதுரமாக வருகிறது என்று கண்டுபிடித்தவர்களுக்கு 2019-ல், வேடிக்கையான ஆராய்ச்சிகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு கிடைத்த கதையை அவ்வளவு ஆசையாக வைத்திருந்தார்கள்.

“ஸ்டெப்னி!” என்று திரைக்குள்ளிருந்து கிசுகிசுத்தார் அக்கா. கேள்வி பஞ்சரானால் மாட்டுவதற்கு உறையில் போட்டு ஒட்டிய உதிரிக் கேள்விக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. டப்பாப் பெண் உறையைக் கிழித்துக்கொண்டு ஓடினாள். குவிஸ் மாஸ்டர் பிரித்தார், படித்தார், ஒரு நொடி நிறுத்தினார். முதுகு குலுங்குவது எனக்குத் தெரிந்தது.

“அடுத்த கேள்வி. நம்ம ஆட்டோக்காரர், லாரிக்காரர் எல்லாரும் உதிரிச் சக்கரத்துக்குச் சொல்ற ‘ஸ்டெப்னி’ங்கிற பேரு, எந்த நாட்டுத் தெருவோட பேரு?”

பக்கத் திரைக்குள் நாங்கள் ஐந்து பேரும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டோம். ராவணன் மேல் சாய்ந்தவன் நான். ஒரு தலை கழன்று விழுந்தது. இரண்டு அணிகளிலும் கால்கள் ஆடின, ஆடின, ஆடின. பிறகு ஒரு நீலச் செருப்பு நின்றது. “வேல்ஸ்?” என்றது ஒரு சின்னக் குரல். வேல்ஸ்தான். லனெத்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெரு. 1904-ல் டேவிஸ் சகோதரர்கள் அங்கேதான் உதிரிச் சக்கரம் செய்யத் தொடங்கினார்கள். எப்படித் தெரியும் என்று பிறகு அந்தப் பெண்ணிடம் கேட்டேன். “இங்கிலாந்து ரொம்ப ஈசியா இருந்துச்சு சார், அதான் பக்கத்துல போனேன்.”

மதியம் ஒரு மணி. அரங்கம் காலி. அறையில் எல்லோரும் தரையிலேயே சாய்ந்து கிடந்தார்கள். லுங்கி திரும்பி வந்துவிட்டது. லேப்டாப் பையனுக்கு இரண்டு லட்டு கூடுதலாகக் கிடைத்தது; அழுதுவிடுவானோ என்ற பயம்தான் காரணம். காலையில் விளக்கேற்றும்போது உடைத்த தேங்காயைப் பங்குபோட்டுக்கொண்டிருந்தார் வாட்ச்மேன் தாத்தா.

“நானும் ஒண்ணு கேக்கலாமா?” என்றார். “தேங்காய்க்கு மூணு கண்ணு. முளை எந்தக் கண்ணு வழியா வரும்?”

குவிஸ் மாஸ்டர் விழித்தார். நான் விழித்தேன். அக்காவும், சொன்னால் நம்பமாட்டீர்கள், விழித்தார்.

“மெத்துன்னு இருக்கிற கண்ணு. மத்த ரெண்டும் சும்மா கல்லு.”

அக்கா விடவில்லை. “ரெண்டு ஆதாரம் வேணும் தாத்தா.”

தாத்தா கண் இருந்த மூடியைத் திருப்பி, ஒரு கண்ணில் பெருவிரல் நகத்தை வைத்து அழுத்தினார். பொத்தென்று உள்ளே போனது. “ஒண்ணு இது. இன்னொண்ணு எங்க வீட்டுக் கொல்லையில நிக்குது. வந்து பாத்துட்டு, அப்புறம் சேப்பு மையில எழுதிக்க.”

அக்கா சிவப்புப் பேனாவைத் தேடினார். அது பொங்கல் இலைக்கு அடியில் கிடந்தது.